ஆலையில்லா ஆலைநகர்: குமாரபாளையத்தில் தறி, சட்டம், பாக்கி (1906–2025)

ஆய்வுச்சுருக்கம்

நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், காவிரியின் கீழ்க்கரையில் அமைந்துள்ள குமாரபாளையம் தமிழகத்தின் முதன்மையான விசைத்தறி நகரங்களுள் ஒன்று. நகரின் வாழ்வு முழுவதும் நெசவைச் சார்ந்தது. எனினும் கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களை உருவாக்கியதுபோன்ற பேராலை எதுவும் இந்நகரை உருவாக்கவில்லை. நெசவு இங்கே சிறு தறிப்பட்டறைகளில் பரவிக்கிடக்கிறது. இச்சிறுமையை மரபின் எச்சம் எனக் கருதும் போக்கு உண்டு. அது இருபதாம் நூற்றாண்டின் மின்விசை, ஜவுளிக்கொள்கை, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றின் விளைவு என இக்கட்டுரை வாதிடுகிறது. பட்டறை உரிமையாளர் தொழிலாளிக்கு வழங்கும் ‘பாக்கி’ எனும் முன்பணம், ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் வழங்கிய சேமநலங்களின் இடத்தில் வந்து அமர்ந்த ஏற்பாடு என்பதும் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குமாரபாளையம், விசைத்தறி, கைத்தறி, பாக்கி, தொழிற்சாலைச் சட்டம், காவிரி, கொங்கு நாடு.

1. முன்னுரை

‘ஆலைநகர்’ என்றவுடன் உயர்ந்த புகைபோக்கி, நேரம் அறிவிக்கும் சங்கு, வாயிலில் திரளும் தொழிலாளர், வரிசையாக அமைந்த குடியிருப்பு ஆகியவை நினைவுக்கு வரும். மதுரையின் ஹார்வி ஆலைகளைப் பற்றியும், 1888இல் முதல் ஆலை தோன்றிய கோயம்புத்தூரைப் பற்றியும் எழுதப்பட்ட வரலாறுகள் இப்படிமத்தையே அடிப்படையாகக் கொண்டவை. ஆலை ஒரு நிறுவனம். அதற்குப் பதிவேடுகள் உண்டு, தொழிற்சங்கம் உண்டு, வேலைநிறுத்தங்கள் உண்டு. எனவே அதன் வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகளும் ஓரிடத்தில் கிடைக்கின்றன.

குமாரபாளையத்தில் நிலை வேறு. கொமாரபாளையம் எனவும் வழங்கப்படும் இந்நகரின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 70,000ஐக் கடந்திருந்தது. லுங்கி, துண்டு, சேலை, படுக்கை விரிப்பு எனப் பலவகைத் துணிகள் இங்கு நெய்யப்படுகின்றன. தெருக்களில் இரவும் பகலும் தறியோசை கேட்கிறது. ஆயின் அவ்வோசை ஒரே மதிலுக்குள்ளிருந்து வருவதன்று. வீட்டின் பின்கட்டிலிருந்தும், ஓட்டுக்கொட்டகையிலிருந்தும், தகரக்கூரையிட்ட பட்டறையிலிருந்தும் வருகிறது. ஒரு பேராலைக்குரிய தறிகளும் ஆட்களும் இந்நகரில் உள்ளனர். ஆலை மட்டும் இல்லை.

இந்நிலைக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம், நெசவு என்பது சாதிவழித் தொழில். அது வீட்டிலேயே நடந்துவந்தது. கைத்தறியின் இடத்தில் விசைத்தறி வந்தபின்னும் வீட்டுத்தொழில் அமைப்பு மாறவில்லை என்பதாகும். இவ்விளக்கம் முற்றிலும் தவறானதன்று, ஆனால் போதாதது. தறியின் இடத்தை மரபு ஓரளவு தீர்மானித்தது. பட்டறையின் அளவைத் தீர்மானித்ததில் அரசின் பங்கு பெரிது. அவ்வளவு தொழிலாளியின் வாழ்வை எவ்வாறு வடிவமைத்தது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

2. ஆறும் எல்லையும்

குமாரபாளையத்துக்கு எதிர்க்கரையில் பவானி உள்ளது. பவானியாறு காவிரியுடன் கலக்கும் கூடுதுறையும் சங்கமேசுவரர் கோயிலும் அங்குள்ளன. பண்பாட்டு நிலையில் இரு ஊர்களும் கொங்கு நாட்டைச் சேர்ந்தவை. ஆட்சி நிலையில் ஆறு அவற்றைப் பிரித்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றன. கோயம்புத்தூர்ப் பகுதி 1799இல் திப்பு சுல்தான் வீழும்வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஏழாண்டுக்காலம் இங்குக் காவிரியே இரு அரசுகளுக்கு எல்லையாயிற்று. அவ்வெல்லை பின்னர் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களின் எல்லையாகவும், இன்று நாமக்கல், ஈரோடு மாவட்டங்களின் எல்லையாகவும் நீடிக்கிறது. ஈரோடு மாவட்டம் 1979இலும் நாமக்கல் மாவட்டம் 1997இலும் உருவாயின.

இப்பிரிவு ஆவணங்களிலும் தொடர்ந்தது. லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் தொகுத்த சேலம் கெசட்டியரும் மாவட்டத்தை அலகாகக் கொண்டவை. ஆற்றின் இருகரையிலும் ஒன்றாக இயங்கிய நெசவுப் பகுதி இரு நூல்களில் பிரிந்து கிடக்கிறது. திருச்செங்கோடு வட்டத்தின் மேற்கு ஓரத்தில் அமைந்திருந்த குமாரபாளையம் சேலம் நகரின் நிழலிலேயே பேசப்பட்டது.

இருப்புப்பாதை 1862இல் ஈரோட்டை எட்டியது. சேலம், சங்ககிரி வழியாக வந்த பாதை, குமாரபாளையத்துக்குத் தெற்கே பள்ளிபாளையம் அருகில் காவிரியைக் கடந்தது. குமாரபாளையத்துக்கு நிலையம் அமையவில்லை. பெருமளவு பஞ்சும் நிலக்கரியும் இறக்கவேண்டிய பேராலைக்கு இது ஏற்ற இடமன்று. நூற்கட்டுகளை வண்டியிலும் பின்னர் லாரியிலும் ஏற்றி இறக்கும் சிறு நெசவுக்கு இது தடையாக அமையவில்லை. சேலம்–கோயம்புத்தூர் நெடுஞ்சாலை இவ்வூரை ஒட்டிச் செல்வதும், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகியவை லாரித்தொழிலின் மையங்களாக வளர்ந்ததும் குமாரபாளையத்தின் நெசவுக்குப் பெருந்துணையாயின.

3. சேலத்து நெசவுச்சாலை: ஒரு முன்னோட்டம்

நெசவாளரை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் முயற்சி இச்சமவெளியில் நடைபெறாமல் இல்லை. சென்னை மாகாணத்தின் தொழில்வளர்ச்சியில் ஈடுபட்டிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1906இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்றைத் தொடங்கினார். விசைநாடாத் தறியைப் பரப்புவதும், கைத்தறி நெசவாளரைத் தொழிற்சாலை ஒழுங்குக்குக் கொண்டுவர இயலுமா எனச் சோதிப்பதும் அதன் நோக்கங்கள்.

முதல் நோக்கம் காலப்போக்கில் நிறைவேறியது. நாடாவைக் கையால் எறிவதற்குப் பதிலாகக் கயிற்றை இழுத்துச் செலுத்தும் விசைநாடா நெசவின் வேகத்தைக் கூட்டியது. 1920, 1930களில் அது மாகாணம் முழுவதும் பரவலாயிற்று. இரண்டாம் நோக்கம் நிறைவேறவில்லை. நெசவாளர் குறித்த நேரத்தில் சாலைக்கு வந்து, குறித்த நேரம்வரை வேலை செய்ய விரும்பவில்லை. வீட்டில் நெய்தால் மனைவியும் பிள்ளைகளும் தார் சுற்றுவர். பாவுக்குத் துணை நிற்பர். சாலைக்குச் சென்றால் ஒருவரின் கூலி மட்டுமே கிடைக்கும். இந்தியச் செயலர் மார்லி பிரபு அரசு தொழில் நடத்துவதை எதிர்த்து 1910இல் அனுப்பிய ஆணையைத் தொடர்ந்து நெசவுச்சாலை மூடப்பட்டது.

நெசவாளரின் பழமைப்பற்றே இத்தோல்விக்குக் காரணம் என அக்கால அதிகாரிகளுள் பலர் கருதினர். ஆனால் கணக்கு நெசவாளர் பக்கமே இருந்தது. நெசவு என்பது ஒரு குடும்பத்தின் கூட்டுழைப்பு. சாலை அவ்வுழைப்பில் ஒரு பகுதியை மட்டும் விலைக்கு வாங்க முயன்றது. மேலும், நூலும் முன்பணமும் தரும் பெருநெசவாளருடனும் வணிகருடனும் நெசவாளர் கொண்டிருந்த உறவுக்கு மாற்றாகச் சாலையால் எதையும் தர இயலவில்லை. திருமணத்துக்கும் நோய்க்கும் முன்பணம் தரும் ஏற்பாடு அரசின் கூலிப்பட்டியலில் இல்லை. இக்குறிப்பு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் குமாரபாளையத்தில் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

4. கைத்தறியும் அரசும்

இச்சமவெளியின் கைத்தறி நெசவில் செங்குந்தர் எனப்படும் கைக்கோளரும் தேவாங்கரும் முதன்மை பெற்றிருந்தனர். கைக்கோளரின் ஊர்கடந்த அமைப்பும் வணிகத் தொடர்பும் மேட்டிசன் மைன்ஸ் 1984இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நெசவாளர் ஊருக்குள் முடங்கிய கைவினைஞர் அல்லர். சந்தையையும் நூல் வணிகத்தையும் அறிந்தவர்கள் என்பது அந்நூல் உணர்த்தும் செய்தி.

1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகின. காவிரிச் சமவெளியின் தறிகளுக்குத் தேவையான நூல் அண்மையிலேயே கிடைத்தது. இங்ஙனம் ஆலை குமாரபாளையத்துக்கு வராவிடினும், ஆலையின் நூல் வந்தது. ஆலை நூலை மறுத்த முயற்சியும் இதே வட்டத்தில் நிகழ்ந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கைந்நூற்பையும் கதரையும் வளர்த்தார். ஒரு வட்டத்தின் இரு பகுதிகளில் நெசவின் இருவேறு எதிர்காலங்கள் உருவாயின.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நூல் தட்டுப்பாடும் கட்டுப்பாட்டு விநியோகமும் கைத்தறியைப் பாதித்தன. 1950களின் தொடக்கத்தில் துணி தேங்கியதால் நெசவாளர் பட்டினியை எதிர்கொண்டனர். 1952இல் முதலமைச்சரான இராஜாஜி, வேட்டி, சேலை ஆகியவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என நடுவண் அரசை வலியுறுத்தினார். அண்ணாவும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் 1953இல் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருக்களில் விற்றனர். எதிரெதிர் அரசியல் நிலைப்பாட்டினர் இருவரும் ஒரே தொழிலுக்காக நின்றது கைத்தறியின் அரசியல் வலிமையைக் காட்டுகிறது. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஆலைத்துணிமீது கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டு, அத்தொகை கதர், கைத்தறி வளர்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது.

5. விசைத்தறி: சட்டம் வரைந்த அளவு

கைத்தறியைக் காக்க ஆலைநெசவைக் கட்டுப்படுத்திய கொள்கை, எதிர்பாராத மூன்றாவது தரப்புக்கு வழிவிட்டது. கனுங்கோ குழு 1954இல் கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றப் பரிந்துரைத்தது. கார்வே குழு 1955இல் வேலைவாய்ப்பைக் காரணம் காட்டிக் கைத்தறிப் பாதுகாப்பை வலியுறுத்தியது. 1956இல் ஆலைகளின் நெசவுத்திறன் உறையவைக்கப்பட்டது. துணியின் தேவை வளர்ந்துகொண்டிருந்தது. ஆலைகள் புதிய தறிகளை நிறுவ இயலாது. கைத்தறியால் அத்தேவையை ஈடுசெய்ய இயலாது. இடைவெளியைச் சிறு விசைத்தறிக் கூடங்கள் நிரப்பின. ஆயத்தீர்வையில் சிறு கூடங்களுக்கு அளிக்கப்பட்ட சலுகை, தறிகளைச் சிறு எண்ணிக்கையில் வைத்துக்கொள்வதை ஆதாயமாக்கியது. 1963இல் அமைக்கப்பட்ட அசோக் மேத்தா குழு இத்துறையை ஆராய்வதற்குள் விசைத்தறி தவிர்க்கவியலாத உண்மையாகிவிட்டது.

மின்சாரம் இம்மாற்றத்தின் மற்றொரு தூண். மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்றது. அதன் புனல் மின்நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் சென்னை மாநிலத்தின் ஊரக மின்மயமாக்கல் விரைந்து நடைபெற்றது. நீராவியால் இயங்கும் ஆலையில் ஒரே கொதிகலனிலிருந்து எல்லாத் தறிகளுக்கும் விசை செல்லவேண்டும். எனவே தறிகள் ஓரிடத்தில் திரளவேண்டும். மின்சாரமோ கம்பிவழியே வீடுதோறும் செல்லும். தறிக்கொரு மோட்டார் பொருத்தினால் போதும். தறிகள் ஓரிடத்தில் கூடவேண்டிய தொழில்நுட்பக் கட்டாயத்தை மின்விசை நீக்கியது.

தொழில்நுட்பக் கட்டாயம் நீங்கிய இடத்தில் சட்டம் எதிர்த்திசையில் அழுத்தியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையுடன் 10 பேரும் மின்விசையின்றி 20 பேரும் வேலை செய்யும் இடங்களைத் தொழிற்சாலை என வரையறுத்தது. தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் (1952) 20 பேரையும், பணிக்கொடைச் சட்டம் (1972) 10 பேரையும் எல்லையாகக் கொண்டன. எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்துக்கு 24 தறிகள் உள்ளதாகக் கொள்வோம். அவை ஒரே பெயரில் ஒரே பட்டறையில் இருப்பின் சட்டத்தின் பார்வைக்குள் வரும். தந்தை, மகன், மருமகன் பெயர்களில் மூன்று பட்டறைகளாகப் பிரிந்தால், ஒவ்வொன்றும் எல்லைக்குக் கீழே நின்றுவிடும். இந்தியாவின் முறைசாராத் துறை சட்டத்துக்கு முன்பிருந்த எச்சமன்று. 1940–60 காலத்துச் சட்டங்களும் அவற்றைச் சுற்றி நடந்த போராட்டங்களும் அதனை உருவாக்கின எனத் தென்னிந்தியச் சான்றுகளைக் கொண்டு கருணா டீட்ரிக் வீலெங்கா (2020) நிறுவியுள்ளார். குமாரபாளையம் அவ்வாதத்துக்கு நிலவியல் வடிவம் தருகிறது: சட்டத்தின் எண்ணிக்கைகள் இங்கே தெருக்களாகவும் கொட்டகைகளாகவும் காட்சியளிக்கின்றன.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியபோதும் விசைத்தறியின் வளர்ச்சி நிற்கவில்லை. மாநில அரசின் கொள்கையும் இதே திசையில் சென்றது. 1983இல் தொடங்கிய விலையில்லா வேட்டி, சேலைத் திட்டம் பின்னாளில் விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வேலை அளித்தது. 2006இல் விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 500 அலகு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. அது 2016இல் 750 ஆகவும் 2023இல் 1,000 ஆகவும் உயர்ந்தது. சலுகை இணைப்பைப் பொறுத்தது என்பதால், சிறிய பட்டறைக்கே அதன் பயன் கூடுதல். சிறியதாக இருப்பதற்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புதிய காரணத்தை அரசு வழங்கியது எனலாம்.

6. பட்டறையின் உள்ளமைப்பு

ஒரு விசைத்தறிப் பட்டறை தனித்து இயங்கும் அலகன்று. நூற்பாலையிலிருந்து வரும் நூல் சாயப்பட்டறைக்குச் செல்கிறது. பின்னர் பாவு ஓட்டப்படுகிறது; கஞ்சியிடப்படுகிறது; பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகள் பிணைக்கப்படுகின்றன. ஊடைநூல் தாரில் சுற்றப்பட்டு நாடாவுக்குள் வைக்கப்படுகிறது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு உரிமையாளரின்கீழ் நடைபெறும். ஆலையில் ஒரு துறையிலிருந்து மறு துறைக்குத் தள்ளுவண்டியில் செல்லும் பொருள், இங்கு ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு மிதிவண்டியிலும் வேனிலும் செல்கிறது. நகரின் தெருக்களே ஆலையின் நடைபாதைகளாகப் பயன்படுகின்றன.

பட்டறை உரிமையாளர்களும் ஒரே நிலையினர் அல்லர். சொந்த நூலில் நெய்து சொந்தமாக விற்பவர் சிலர். வணிகரிடம் பாவும் ஊடையும் பெற்று மீட்டர் கணக்கில் நெய்து கொடுக்கும் கூலித்தறிக்காரர் பலர். பிந்தியவர் தொழிலாளிக்கு முதலாளி, வணிகருக்குக் கூலியாள். நெசவுச் சாதியினரோடு வேளாண் பின்னணியுடைய கொங்கு வேளாளரும் தறி உரிமையாளராயினர். தொழிலாளருள் செங்குந்தர், வன்னியர் உள்ளிட்ட பல சமூகத்தினர் உள்ளனர். தறி ஓட்டியவர் தாமே சில தறிகளுக்கு உரிமையாளராகும் வாய்ப்பும் இவ்வமைப்பில் இருந்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் உழைப்பாளராகத் தொடங்கி உரிமையாளரான கவுண்டர்களைப் பற்றிச் சரத் சாரி (2004) காட்டியதோடு இது ஒப்பிடத்தக்கது. இவ்வாய்ப்பு பலருக்கு எட்டாததே. ஆயினும் அது இருப்பதே பட்டறையின் உறவுகளை ஆலையின் உறவுகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

7. பாக்கி: கடனா, கட்டா, சேமநிதியா?

இவ்வமைப்பைக் கட்டி நிறுத்தும் கயிறு ‘பாக்கி’. பட்டறையில் சேரும்போது உரிமையாளர் தொழிலாளிக்கு ஒரு தொகையை முன்பணமாகத் தருவார். தொழிலாளி வாரக்கூலியைத் தனியே பெறுவார். முன்பணம் கூலியில் முழுமையாகக் கழிக்கப்படாமல் நிலுவையில் நிற்கும். வேலையைவிட்டு விலகவேண்டுமாயின் நிலுவையைத் திருப்பித் தரவேண்டும். வழக்கமாகப் புதிய உரிமையாளர் அதனைச் செலுத்தித் தொழிலாளியைத் தம் பட்டறைக்கு அழைத்துக்கொள்வார். பாக்கி அப்போது ஒரு பேரேட்டிலிருந்து மற்றொரு பேரேட்டுக்கு இடம்பெயரும். பெரும்பாலும் சற்றே கூடுதலாக.

1990களின் நடுப்பகுதியில் குமாரபாளையத்திலும் பவானியிலும் களஆய்வு செய்த மானிடவியலாளர் கெர்ட் டி நேவ், 1999இல் வெளியிட்ட கட்டுரையிலும் 2005இல் வெளியிட்ட நூலிலும் பாக்கியை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளார். அவருடைய முடிவுகளுள் இரண்டு இங்கு முக்கியமானவை. முதலாவது, பாக்கி பழைய அடிமைமுறையின் தொடர்ச்சியன்று; விசைத்தறிகள் பெருகி ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, தொழிலாளரைத் தக்கவைக்க உரிமையாளர் கையாண்ட புதிய முறை. இரண்டாவது, அது நினைத்தபடி கட்டவில்லை. தொழிலாளர் கூடுதல் பாக்கி கேட்டனர், வேலைக்கு வராமல் அழுத்தம் கொடுத்தனர், பட்டறை மாறினர், சிலர் பணத்தோடு ஊரைவிட்டே சென்றனர். யான் பிரெமன் குஜராத்தில் கண்ட ‘புதுக்கொத்தடிமை’ எனும் கருத்தை அப்படியே இங்குப் பொருத்த இயலாது என்பது டி நேவின் நிலைப்பாடு.

இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, அதனோடு ஒரு கூற்றை இணைக்க இடமுள்ளது. பாக்கி எதற்காகக் கேட்கப்படுகிறது? திருமணம், மகப்பேறு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகைக்கான முன்தொகை, பழைய கடன். இப்பட்டியலை ஆலைத் தொழிலாளியின் உரிமைகளோடு ஒப்பிட்டால் ஒரு தெளிவு பிறக்கும். நோய்க்கு அவருக்குத் தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனை உண்டு. திருமணத்துக்கும் கல்விக்கும் வைப்புநிதியிலிருந்து பணம் பெறலாம். ஐந்தாண்டு பணியாற்றினால் பணிக்கொடைக்கு உரிமை உண்டு. இவ்வுரிமைகள் எட்டாத இடத்தில் அதே தேவைகளைப் பாக்கி நிறைவு செய்கிறது. 1906இன் சேலம் நெசவுச்சாலையால் தர இயலாதிருந்ததும் இதுவே.

எனினும் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. ஆலைத் தொழிலாளி தாம் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்ததிலிருந்து எடுக்கிறார். தறித் தொழிலாளி இனி உழைக்கப்போவதிலிருந்து எடுக்கிறார். ஆலையில் இருபதாண்டு பணி ஒரு சேமிப்பாக முடியலாம்; பட்டறையில் இருபதாண்டு பணி ஒரு கடனாக முடியலாம். சந்தை நன்றாக இருக்கும்போது பாக்கி தொழிலாளியின் பேரவலிமை. தறிகள் நிற்கும்போது அதே தொகை அவர் கழுத்தில் விழும் சுமை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தின் பேரில் தொழிலாளி வேலை மாறும் உரிமையை இழப்பதைக் கொத்தடிமையின் கூறாகக் கொள்கிறது. பாக்கியில் அவ்வுரிமை முற்றிலும் இழக்கப்படுவதில்லை. இன்னொருவர் விலை கொடுக்க முன்வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.

இச்சுமையின் கடைசி எல்லையைக் குமாரபாளையத்தை அடுத்த பள்ளிபாளையம் காட்டியது. கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர் சிறுநீரகத்தை விற்கும் அவலம் இப்பகுதியிலிருந்து பலமுறை செய்தியாகியுள்ளது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியபின்னும் அது ஓயவில்லை. 2025இல் பள்ளிபாளையம் தொடர்பான புகார்கள் எழுந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக்கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. இக்கடன்கள் அனைத்தும் பாக்கி அல்ல. கந்துவட்டியும் நுண்கடனும் அவற்றில் அடங்கும். ஆனால் சேமிப்பாக மாறாத உழைப்பு, கடன் முற்றும்போது உடலைத் தவிர ஈடாக வைக்க எதையும் விட்டுவைப்பதில்லை.

8. சாயமும் ஆறும்

பட்டறையின் சிறுமை ஆற்றின்மீதும் ஓர் எழுத்தை எழுதியுள்ளது. நெசவோடு வளர்ந்த சாயப்பட்டறைகள் காவிரியின் கரையை நாடின. சாயமிட நீர் வேண்டும், கழிவை வெளியேற்ற வழி வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் அனுமதியற்ற சாயப்பட்டறைகளை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இடித்து அகற்றுவதும், அவை மீண்டும் முளைப்பதும் தொடர்கதையாக உள்ளன. நொய்யலாற்று வழக்கில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது, சாயத்தொழில் முழுமையின் சட்டச்சூழலையும் மாற்றியது.

இங்கும் அளவே சிக்கலின் மையம். பேராலைக்குச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் முதல் உண்டு. தவறினால் பொறுப்பேற்க ஒரு முகவரியும் உண்டு. சிறு பட்டறைக்கு முதலும் இல்லை. மூடினால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டம் பட்டறைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஆறு அவற்றின் கழிவைக் கூட்டிப் பெறுகிறது. அக்கூட்டுத்தொகை ஈரோடு, கரூர், திருச்சிராப்பள்ளி எனக் கீழே உள்ள ஊர்களின் குடிநீரில் சேர்கிறது. தொழிலாளியின் நோய்ச்செலவைப் போலவே ஆற்றின் தூய்மைச்செலவும் பட்டறையின் கணக்கில் ஏறுவதில்லை. துணியின் விலை குறைவாக இருப்பதற்கு இவ்விரு விடுபாடுகளும் காரணங்கள்.

9. முடிவுரை

ஆய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவதாக, குமாரபாளையத்தில் ஆலை தோன்றாமைக்கு நெசவாளரின் பழமைப்பற்று காரணமன்று. 1906–1910இல் சேலத்தில் ஆலையொழுங்கை மறுத்தவர்கள் தம் குடும்பத்தின் வருவாயைச் சரியாகவே கணித்திருந்தனர். இரண்டாவதாக, விசைத்தறிப் பட்டறையின் அளவு 1948 முதல் இயற்றப்பட்ட சட்டங்களாலும், 1956இன் ஆலைக் கட்டுப்பாட்டாலும், தீர்வை, மின்கட்டணச் சலுகைகளாலும் உருவானது. கைத்தறியைக் காக்கவும் ஆலைத் தொழிலாளியைக் காக்கவும் நல்லெண்ணத்தோடு இயற்றப்பட்ட விதிகளின் இடைவெளியில் இந்நகர் வளர்ந்தது. மூன்றாவதாக, பாக்கி அவ்விடைவெளியில் உருவான சேமநல ஏற்பாடு. ஆனால் சேமநிதியின் திசையைத் தலைகீழாக்கிய ஏற்பாடு.

இதனால் பாக்கியைத் தடைசெய்வது மட்டும் தீர்வாகாது என்பதும் பெறப்படும். பாக்கி இல்லாதபோது அதே தேவைக்குத் தொழிலாளி கந்துவட்டிக்காரரை நாட நேரும். ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி நடைபெறும் போனஸ் பேச்சுவார்த்தைகளில் தொழிற்சங்கங்களும் உரிமையாளர் சங்கங்களும் நகர அளவில் எதிரெதிரே அமர்கின்றன. தனிப்பட்டறையாகச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்போர், அந்த மேசையில் ஒரே தொழிலாக ஒன்றுகூடுகின்றனர். கூலியையும் போனசையும் நகர அளவில் பேச இயலுமாயின், வைப்புநிதியையும் மருத்துவக் காப்பீட்டையும் பட்டறையின் ஆள் எண்ணிக்கையைச் சாராமல் நகர அளவில் அமைப்பதும் இயலாததன்று.

குமாரபாளையத்தின் வரலாற்றுக்கான சான்றுகள் ஓர் ஆலையின் ஆவணக்காப்பகத்தில் கிடைக்கப்போவதில்லை. பட்டறைதோறும் உள்ள பாக்கிப் பேரேடுகளில் அவை சிதறிக்கிடக்கின்றன. நிலுவை தீர்ந்ததும் அப்பக்கத்துக்குப் பயனில்லை என்பதால் அவற்றைப் பாதுகாக்கும் வழக்கமும் குறைவு. யார் எப்போது, எத்தேவைக்காக, எவ்வளவு பெற்றார் என்பதைக் கூறும் அப்பக்கங்கள் தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். அவை அழிவதற்குமுன் தொகுக்கப்படுதல் வேண்டும்.